கொல்லைப்புறத்தில் ஒரு மாதுளை

கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் திராட்சைப் பந்தல்களும், வாழைத் தோட்டங்களும், முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நெல் வயல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1895-ஆம் ஆண்டில் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டதன் பயனாய் விளைந்த செழிப்பு இது. ஆயினும், ஆற்று நீர் எட்டாத மேட்டு நிலங்களும் தேனி மாவட்டத்தில் உண்டு. ஆண்டிபட்டி, மயிலாடும்பாறைப் பகுதிகளில் குடிநீரையே அளந்து செலவிடும் குடும்பங்கள் பல. மலைமேல் உள்ள சிற்றூர்களிலோ, குளிர் மிகுதியால் பழமரம் பிழைக்குமோ என்னும் ஐயம் உளது. இவ்விரு திறத்தாருக்கும் ஏற்ற மரம் மாதுளை.

மாதுளையின் தாயகம் ஈரான் நாடும் அதனைச் சூழ்ந்த வறண்ட நிலங்களும் ஆகும். இமயத்தின் மேற்குச் சரிவுகளில் இது காடாகவே வளர்கிறது. அங்கெல்லாம் கடுங்குளிர் வரும்பொழுது இலைகளை உதிர்த்து மரம் உறங்கும். வேனில் பிறந்ததும் மீண்டும் துளிர்க்கும். உறைபனியையே தாங்கவல்ல இம்மரத்திற்கு நம் மலைகளின் குளிர் ஒரு பொருட்டன்று. நம் வெப்பத்தில் இது இலையுதிர்க்காமல் ஆண்டு முழுதும் பசுமையாய் நிற்கும்.

அங்ஙனமாயின் இங்கு நட்ட மாதுளை பல வீடுகளில் பட்டுப்போவது ஏன்? தேங்கும் நீரே முதற் காரணம். துவைகல்லின் அருகில், எந்நேரமும் சேறாய் இருக்கும் இடத்தில் நட்டால் வேர் அழுகும். வெயில் நன்கு படும், நீர் வடியும் மேடான இடமே தக்கது. மழை மிகுந்த மலைச்சரிவுகளில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

நடும் முறை எளிது. இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி எடுத்துச் சில நாட்கள் ஆறவிட்டு, மேல்மண்ணுடன் 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக. வேர்விட்ட குச்சியையோ, பதியனையோ ஜூன் முதல் டிசம்பருக்குள் நடலாம். ஒன்றுக்கு மேல் நடுவதாயின் 8 முதல் 10 அடி இடைவெளி விடுதல் வேண்டும். ஆடிக் காற்று நம் பள்ளத்தாக்கில் வலிது. ஆதலின் இளங்கன்றுக்கு ஊன்றுகோல் இன்றியமையாதது. கணேஷ், பகவா ஆகிய ரகங்கள் மென்மையான விதையுடையன. சேர்வராயன் மலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏற்காடு-1 ரகமும் உண்டு. உங்கள் ஊருக்கு ஏற்றது எது என்பதைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ கேட்டறிதல் நன்று.

டிசம்பரில் சென்ற பருவத்துக் கிளைகளின் நுனியை மூன்றில் ஒரு பங்கு கழித்து, எருவிட்டு, நீர் பாய்ச்சினால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரம் பூக்கும். ஜூலை, ஆகஸ்டில் பழம் கிட்டும். ஐப்பசி மழை தொடங்குமுன் அறுவடை முடிந்துவிடுவதால், ஈரத்தால் வரும் நோய்களிலிருந்து காய்கள் தப்பும். நான்காம் ஆண்டு முதல் காய்ப்பை எதிர்பார்க்கலாம்.

பூக்கள் உதிர்வதைக் கண்டு தாய்மார்கள் கவலையுறுதல் வேண்டா. மாதுளையில் இருவகைப் பூக்கள் உண்டு. அடி குறுகி மணிபோல் விரிந்தவை ஆண் பூக்கள். அவை உதிர்வது இயற்கை. அடி பருத்துக் குடம்போல் இருப்பவையே காயாகும்.

காய் வெடித்தலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒழுங்கற்ற நீர்ப்பாய்ச்சலே. பல நாள் காயவிட்டு, ஒரு நாள் குடங்குடமாய் ஊற்றினால், உள்ளே முத்துக்கள் பருக்கும். இறுகிய தோல் பிளக்கும். அளவான நீரை முறை தவறாது ஊற்றி, அடியில் சருகு பரப்பி ஈரம் காக்க வேண்டும். போரான் சத்துக் குறைவும் வெடிப்புக்குக் காரணமாகலாம். மண்ணைப் பரிசோதித்து அறிக.

மற்றொரு பகை காய்த்துளைப்பான். ஒருவகைப் பட்டாம்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும்; வெளிவரும் புழு காயைக் குடைந்து அழுகச் செய்யும். காய் எலுமிச்சை அளவு ஆனதும் மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுக. வீட்டு மரத்திற்கு இதனினும் சிறந்த, நஞ்சற்ற காப்பு வேறில்லை. துளைபட்ட காய்களை உடனே பறித்து ஆழப் புதைத்துவிடுக.

மாதுளை உண்டால் இரத்தம் ஊறும் என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் இதிலுள்ள இரும்புச்சத்து சிறிதே. எனவே சோகையுற்ற பெண்டிரும் குழந்தைகளும் மாதுளையை மட்டும் நம்பி, கீரையையும் கேழ்வரகையும் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையையும் கைவிடலாகாது. இதிலுள்ள வைட்டமின் சி, உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் துணை செய்யும். ஆகவே உணவோடு சேர்த்து உண்பதே பயன் தரும்.

விலை கொடுத்துப் பழம் வாங்க இயலாத வீட்டிலும் குழந்தையின் கையில் பழம் இருத்தல் வேண்டும். அதற்குத் தேவையானவை நான்கடி நிலமும், அளவான நீரும், சில ஆண்டுப் பொறுமையுமே. வரும் மழைக்காலத்தில் வீட்டுக்கொரு மாதுளை நட்டு வளர்ப்போமாக.