ஹப்பிளின் நேர்கோடு: ஒரு சாய்வும் பிரபஞ்சத்தின் வயசும்

வரைபடத்தில் ஒரு நேர்கோடு இருந்தால், அதன் சமன்பாட்டை எழுத ரெண்டே எண் போதும். கோடு செங்குத்து அச்சை எங்கே வெட்டுது (வெட்டுத்துண்டு, சி), எவ்வளவு சாய்ந்திருக்கு (சாய்வு, எம்). ஒய் = எம்எக்ஸ் + சி. பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்குதான். இதையே ஒரு நிஜ வரைபடத்தில் செய்து பார்ப்போம்.

1929-ல் எட்வின் ஹப்பிள் 24 கேலக்ஸிகளை ஒரு படத்தில் குறித்தார். கிடை அச்சில் தூரம், மெகாபார்செக்கில். (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு.) செங்குத்து அச்சில் அவை நம்மை விட்டு விலகும் வேகம், நொடிக்கு எத்தனை கி.மீ. என்று. புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவற்றின் நடுவே ஒரு கோடு.

முதலில் வெட்டுத்துண்டு. கோடு ஆதிப்புள்ளி வழியாப் போகுது, அதனால் சி = 0.

அடுத்து சாய்வு. இங்கே கவனம் வேணும். ரெண்டு புள்ளி எடுக்கணும், ஆனால் கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகளை எடுக்கணும், அளந்த புள்ளிகளை அல்ல. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவதால் அதன் புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே இருக்கு. அதை எடுத்தால் கணக்கே கவிழ்ந்துடும். கோட்டில் 2 மெகாபார்செக் தூரத்துக்கு நேரே வேகம் சுமார் 1000. ஆக சாய்வு = (1000 − 0) ÷ (2 − 0) = 500.

வேகம் = 500 × தூரம். அவ்ளோதான், சமன்பாடு வந்தாச்சு.

படத்தில் பார்த்தால் கோடு ஏறக்குறைய 30, 40 டிகிரி சாய்ந்த மாதிரி தெரியும். அந்தக் கோணத்துக்கு அர்த்தம் கிடையாது, அச்சை இழுத்தால் மாறிடும். 500 என்ற எண்தான் மாறாது. அதுவும் அலகோடு சேர்த்து: ஒரு மெகாபார்செக்குக்கு, நொடிக்கு 500 கி.மீ.

இந்த அலகில்தான் விஷயமே இருக்கு. தூரத்தை வேகத்தால் வகுத்தால் காலம். ஒரு மெகாபார்செக் என்பது 3.09 × 10¹⁹ கி.மீ. அதை 500-ஆல் வகுத்தால் சுமார் 200 கோடி ஆண்டு. வேகம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், எல்லாம் ஒரே இடத்தில் இருந்து கிளம்பி அவ்வளவு காலம் ஆச்சு. ஆனால் பாறைகளின் கதிரியக்கத்தை வைத்துப் போட்ட பூமியின் வயசு, 1940களில் 300 கோடி ஆண்டை ஒட்டி வந்தது. பிரபஞ்சத்தை விட பூமிக்கு வயசு அதிகமா?

பிழை கிடை அச்சில் இருந்தது. தூரம் அளக்கப் பயன்பட்ட செபீட் விண்மீன்களில் ரெண்டு வகை உண்டு என்று வால்டர் பாடே 1952-ல் அறிவித்தார். தூரங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. எக்ஸ் இரட்டிப்பானால் சாய்வு பாதி, வயசு ரெண்டு மடங்கு. பிறகு வேறு திருத்தங்களும் சேர்ந்து, இன்றைக்குச் சாய்வு 70-ஐ ஒட்டி நிக்குது. அதே வகுத்தலைப் போட்டால் சுமார் 1400 கோடி ஆண்டு. பூமியின் வயசு 454 கோடி. இப்ப கணக்கு இடிக்கலை.

செங்குத்து அச்சின் வேகங்கள் பெரிதாக மாறவில்லை என்பதையும் பாருங்க. கோடும் நேர்கோடாகவே இருந்தது, ஆதிப்புள்ளி வழியாகவே போனது. மாறியது எம் மட்டும்தான்.