வீட்டில் முயல் குட்டி ஈன்றிருக்கிறதா? நோயாளி உள்ள இல்லத்தினருக்குச் சில விளக்கங்கள்

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தார், வளர்ப்புப் பிராணிகளை என்ன செய்வது என்று எங்களிடம் கேட்பதுண்டு. வீட்டு முயல் அப்போதுதான் குட்டி ஈன்றிருந்தால் அக்கேள்வி இன்னும் கடினமாகிவிடுகிறது. நோயாளிக்குத் தொற்று வந்துவிடுமோ என்ற அச்சத்தில், கண் திறவாத குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து யாரிடமேனும் கொடுத்துவிட முற்படுகின்றனர். பிரித்த குட்டிகள் பிழைப்பது அரிது. பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையும் இல்லை. முயலின் இயல்பை அறிந்து, வேலைகளைச் சரியாகப் பகிர்ந்துகொண்டால் நோயாளியையும் குட்டிகளையும் ஒருசேரக் காக்கலாம்.

தாயும் குட்டிகளும்

முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்கள். ஈனும் நாள் நெருங்கும்போது தாய் தன் மார்பிலும் வயிற்றிலும் உள்ள உரோமத்தைப் பிடுங்கிக் கூடு அமைக்கும். இது தோல்நோய் அன்று. மருந்து தடவ வேண்டாம். குட்டிகள் உரோமமின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கும். கண் திறக்கப் பத்து நாள்களுக்கு மேல் ஆகலாம்.

தாய் குட்டிகளின் அருகில் இருப்பதே இல்லை என்று பலர் கலங்குகின்றனர். பகை விலங்குகளுக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத் தாய் முயல் விலகியே இருக்கும். நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். அதுவும் பெரும்பாலும் நாம் உறங்கும் நேரத்தில் நிகழும். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டு, உடல் வெதுவெதுப்பாக இருந்தால் பால் கிடைத்திருக்கிறது என்று பொருள். வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, உடல் குளிர்ந்திருந்தால் அன்றே கால்நடை மருத்துவரை அணுகுங்கள். பசும்பாலை நீங்களாகப் புகட்டாதீர்கள். அது செரிக்காது, மூச்சுக்குழலிலும் புகுந்துவிடக்கூடும்.

ஆண் முயலை உடனே தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மீண்டும் சினைப்படக்கூடும். பாலூட்டும் தாய்க்கு உலர்புல், குதிரைமசால், குறைவற்ற தண்ணீர் ஆகியவை வேண்டும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முயல்கள் துன்புறும். கோடையில் கூண்டு நிழலிலும் காற்றோட்டத்திலும் இருக்கட்டும்.

நோயாளிக்கு வரக்கூடியவை

முயலிடமிருந்து மனிதருக்குப் பரவுவனவற்றுள் படர்தாமரையும், உரோமத்தில் வாழும் சிற்றுண்ணிகளால் வரும் அரிப்பும் குறிப்பிடத்தக்கவை. கடியாலும் கீறலாலும் பாக்டீரியாத் தொற்று ஏற்படலாம். முயலின் சிறுநீர் வழியே வெளியேறும் ஒருவகை நுண்ணுயிரி, நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களுக்குக் கடும் நோயை உண்டாக்கக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உரோமத்துகளும் உலர்புல் தூசியும் மூச்சுத்திணறலைத் தூண்டலாம்.

ஆகவே கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், மிகுந்த அளவில் ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோர் கூண்டைத் துப்புரவு செய்யலாகாது. அப்பணியை வீட்டிலுள்ள வேறொருவர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து நாள்தோறும் செய்யட்டும். கூண்டு, நோயாளியின் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் வெளியே இருக்கட்டும். குட்டிகளைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். குட்டி ஈன்ற தாய் அச்சத்தில் கடிக்கக்கூடும். சிறுவர்கள் தனியே கூட்டினுள் கையிட வேண்டாம்.

கடியோ கீறலோ ஏற்பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். முயலால் வெறிநோய் பரவுவது மிக அரிது. எனினும் ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் காலம் தாழ்த்தாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: வீட்டில் எஞ்சிய அமாக்சிசிலின் போன்ற மருந்துகளை முயலுக்குக் கொடுக்காதீர்கள். வாய்வழி கொடுக்கும்போது அவை முயலின் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிரிகளை அழித்து, உயிருக்கே கேடு விளைவிக்கும்.

பிரிக்கத்தான் வேண்டுமெனில்

எலும்பு மச்சை மாற்று சிகிச்சை முடிந்த தொடக்க மாதங்களைப் போல, மருத்துவர் சில காலம் விலக்கி வைக்கச் சொல்லும் நிலைகளும் உண்டு. அப்போது தாய், குட்டிகள், கூடு மூன்றையும் சேர்த்தே உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். குட்டிகளைப் பிறருக்குக் கொடுப்பது எட்டு வாரம் நிறைந்த பின்னரே நல்லது. வெளியே விட்டுவிட்டால் அவை நாய்க்கும் பூனைக்கும் இரையாகும்.

பிராணியைக் கைவிடச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சிச் சிலர் அதனை எங்களிடம் மறைத்துவிடுகின்றனர். அது தெரிந்தால்தான் காய்ச்சலின் காரணத்தை விரைவில் கண்டறிய இயலும். அடுத்த முறை வரும்போது, உட்கொள்ளும் மருந்துகளைச் சொல்வது போலவே, வீட்டில் முயல் இருப்பதையும் அதற்குக் குட்டிகள் பிறந்திருப்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.