சாதத்தை நிறுத்திவிட்டு ஓடலாமா?

உங்கள் வீட்டில் மாரத்தான் ஓடுகிற பையனோ, பெண்ணோ, ஏன், ஐம்பது வயதில் ஷூ வாங்கிக்கொண்டு கிளம்பிய கணவரோ இருக்கிறாரா? அப்படியானால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழகியிருக்கும். ஓட்டப் பந்தயம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். திடீரென்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "எனக்கு இனிமே சாதம் வேண்டாம். முட்டையும் பன்னீரும் போதும். அடுத்த பந்தயத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு, அதுக்குள்ள உடம்பைக் கொழுப்பில் ஓடப் பழக்கப் போறேன்" என்று அறிவிப்பார். உங்களுக்குத் திக்கென்றிருக்கும். அரிசி இல்லாமல் மனுஷன் எப்படி ஓடுவான்?

பயப்படவும் வேண்டாம், கைதட்டவும் வேண்டாம். இந்தப் பரிசோதனை இன்று நேற்று வந்ததல்ல. பெரிய பெரிய வீரர்களே பந்தயம் இல்லாத மாதங்களில் தங்கள் உடம்பை வைத்துச் செய்து பார்த்ததுதான். சிலருக்கு அது பலித்தது, சிலருக்குக் காலை வாரிவிட்டது. ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டுச் சமையலறைச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

முதலில் மார்க் ஆலன் கதை. அமெரிக்கர். ஹவாய் தீவில் ஆண்டுதோறும் நடக்கும் 'அயர்ன்மேன்' போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில்! 1980களில் இந்தப் போட்டியின் ராஜா டேவ் ஸ்காட். ஆறு முறை ஜெயித்தவர். ஆலன் அவரைத் துரத்தித் துரத்தித் தோற்றுக்கொண்டே இருந்தார். 1987-ல் முன்னணியில் இருந்தவர் ஓட்டத்தில் துவண்டு, இரண்டாவதாக வந்து, ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

அவரிடம் வேகத்துக்குக் குறைவில்லை. பயிற்சியையும் பந்தயம் போலவே செய்கிற பழக்கம்தான் அவருக்கு எதிரியாக இருந்தது. தினமும் நுரை தள்ள ஓடுவது, பிறகு காயம், களைப்பு, மறுபடி ஓட்டம். அப்போதுதான் ஃபில் மாஃபெடோன் என்ற பயிற்சியாளர் மார்பில் கட்டும் இதயத் துடிப்பு மீட்டர் ஒன்றைக் கொடுத்து, "நிமிடத்துக்கு 155 துடிப்புக்கு மேல் போகக் கூடாது" என்றார். 180-லிருந்து வயதைக் கழித்து வருவது அவருடைய கணக்கு. அந்த எல்லைக்குள் ஓடிப் பார்த்தால், ஒரு மைல் கடக்க ஆலனுக்கு 8 நிமிடம் 15 விநாடி ஆனது. உலகத்தரம் வாய்ந்த வீரருக்கு இது கிட்டத்தட்ட உலாவுகிற வேகம். எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஆனாலும் மனிதர் பொறுமையாக நாலு மாதம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. அதே 155 துடிப்பில் மைலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேகம் கூடியிருந்தது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் 5 நிமிடம் 20 விநாடி! இதயம் அதே அளவுதான் உழைக்கிறது, கால்கள் மட்டும் பறக்கின்றன. 1989-ல் ஸ்காட்டும் ஆலனும் எட்டு மணி நேரத்துக்கு மேல் தோளோடு தோளாகப் போட்டியிட்டு, ஆலன் 58 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதன்பின் ஐந்து முறை. கடைசி வெற்றி 1995-ல், 37 வயதில். அன்று ஓட்டம் தொடங்கும்போது முன்னால் போன ஜெர்மானியர் தாமஸ் ஹெல்ரீகலைவிடப் பதிமூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார், பிடித்துவிட்டார்.

மெதுவாக ஓடினால் எப்படி வேகம் வரும்?

நம் உடம்புக்கு இரண்டு எரிபொருள் உண்டு. ஒன்று மாவுச்சத்து. இது கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளில் 400, 500 கிராமும் கல்லீரலில் 100 கிராமும் சேமிக்கப்படுகிறது. எல்லாம் சேர்த்து 2,000 கலோரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இன்னொன்று கொழுப்பு. ஒல்லிக்குச்சியான ஓட்டக்காரர் உடம்பிலேயே 50,000 கலோரிக்குக் குறையாமல் இருக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 60 கலோரி செலவாகும். 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரி. கையிருப்பு மாவுச்சத்தோ 2,000. அதனால்தான் மாரத்தானில் 30, 32 கிலோமீட்டர் தாண்டியதும் பலருக்கு யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி கால்கள் நின்றுவிடுகின்றன. கண் இருட்டுகிறது, புத்தி தடுமாறுகிறது.

மெதுவான ஓட்டத்தில் உடம்பு கொழுப்பை அதிகம் எரிக்கும். வேகம் கூடக் கூட மாவுச்சத்துக்குத் தாவிவிடும். மாதக்கணக்கில் நிதானமாக ஓடும்போது தசைக்குள் ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் பெருகுகின்றன. எரிபொருளை எரிக்கும் அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. அப்புறம் ஓரளவு வேகத்திலும் கொழுப்பே கைகொடுக்கிறது, மாவுச்சத்து பத்திரமாக மிச்சமாகிறது. பந்தயக் காலத்தில் இதற்குப் பொறுமை ஏது? பந்தயம் இல்லாத மாதங்கள்தான் இதற்குத் தோது.

இந்த 180 கணக்கு ஒரு அனுபவக் கணக்கே தவிர, உடலியல் விதி அல்ல. ஒரே வயதுள்ள இருவருக்குள் இதயத் துடிப்பின் உச்சம் கணிசமாக வேறுபடும். ரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கே செல்லாது, துடிப்பை மாத்திரையே அடக்கி வைத்திருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது: முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். மீட்டர் வாங்கும் செலவும் மிச்சம்.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். நிதானமாக ஓடினால் கொழுப்பு எரியும் என்றால், மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டால் இன்னும் நன்றாக எரியாதா? நியாயமான கேள்விதான். 1983-ல் ஸ்டீபன் ஃபின்னி என்ற அமெரிக்க டாக்டர் இதைச் சோதித்தார். நன்கு பயிற்சி பெற்ற ஐந்து சைக்கிள் வீரர்களுக்கு நாலு வாரம், ஒரு நாளைக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து. நம் கணக்கில் மூன்று நாலு கரண்டிகூட இல்லாத சாதம்! பிறகு மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்தார். முன்பு சராசரியாக 147 நிமிடம் மிதித்தவர்கள் இப்போது 151 நிமிடம். ஆக, ஒன்றும் கெட்டுப் போகவில்லை. கொழுப்பு உணவுக்காரர்கள் இன்றுவரை காட்டுகிற சாட்சி இதுதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் எட்டிப் பார்த்தால் கதை வேறு. ஒருவர் ஓஹோவென்று முன்னேறியிருந்தார், வேறு சிலர் முன்பைவிட இறங்கியிருந்தார்கள். ஐந்து பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது.

மிதமான வேகம் சரி, பந்தய வேகத்தில் என்ன ஆகும்? இதற்கு ஆஸ்திரேலியாவின் லூயிஸ் பர்க் குழுவினர் 2017-ல் பதில் வெளியிட்டார்கள். உலகத்தரம் வாய்ந்த நடைப்போட்டி வீரர்கள், மூன்று வாரக் கடும் பயிற்சி. ஒரு குழுவுக்குத் தினமும் தாராளமாக மாவுச்சத்து. இன்னொரு குழுவுக்கு அதே அளவு, ஆனால் சில பயிற்சிகளுக்கு முன் குறைத்தும் சிலவற்றுக்கு முன் கூட்டியும். மூன்றாவது குழுவுக்கு 50 கிராமுக்குக் கீழ், மீதியெல்லாம் கொழுப்பு. மூன்றாம் குழுவினர் உடம்பு கொழுப்பை எரிப்பதில் சூரராகிவிட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் முதல் குழு 6.6 சதவீதமும் இரண்டாவது 5.3 சதவீதமும் முன்னேற, இவர்கள் 1.6 சதவீதம் பின்தங்கினார்கள். அதே பயிற்சி, அதே வியர்வை, பலன் மட்டும் இல்லை!

காரணம் எளிது. கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் அதிகம் தேவை. ஒரு லிட்டர் ஆக்சிஜனில் மாவுச்சத்து தருகிற சக்தி, கொழுப்பு தருவதைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதல். மூச்சு வாங்க வாங்க ஓடும்போது, ஆக்சிஜனுக்கே திண்டாட்டம் என்கிற நேரத்தில், இந்த வித்தியாசம் பெரியது. நாள் பூராவும் நிதானமாக ஓடுகிற நூறு கிலோமீட்டர் ஓட்டக்காரருக்கு அது பெரிதாகத் தெரியாது. 10 கிலோமீட்டரிலோ, அரை மாரத்தானிலோ தன் நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறவருக்குத் தெரியும்.

அப்படியானால் மாவுச்சத்தே கதி என்று கேசரியும் பூரியுமாகத் தள்ளலாமா? இதற்கு டிம் நோக்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க டாக்டர், ஓட்டக்காரர்களின் வேதம் எனப்பட்ட 'லோர் ஆஃப் ரன்னிங்' புத்தகத்தை எழுதியவர். தானே எழுபது மாரத்தானுக்கு மேல் ஓடியவர், மாவுச்சத்தை நிறையச் சாப்பிடச் சொன்னவர். 2010 வாக்கில் தனக்கே இரண்டாம் வகை சர்க்கரை நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவர் தந்தைக்கும் இருந்த நோய். "என் புத்தகத்தில் உணவு பற்றிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, நேர் எதிர்த் திசையில் போய்விட்டார். எதிர்த் திசையில் அவர் போன தூரம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. ஓடுகிறவருக்குச் சர்க்கரை வராது என்பது பொய். அப்பா, அம்மாவுக்கு இருந்தால், மாரத்தான் மெடல் எத்தனை தொங்கினாலும் வருடம் ஒருமுறை ரத்தச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யும் பார்த்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். பிள்ளை சாதத்தை நிறுத்துகிறானே என்று அப்பாவும் சேர்ந்து நிறுத்துவது ஆபத்து. இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைக்காரர்களுக்கு வேறு பயம். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே உலை வைக்கலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது வருவதால் ஏமாந்து போவோம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டாக்டர் மாத்திரையை மாற்றித் தந்த பிறகுதான் தட்டை மாற்ற வேண்டும்.

பெண் பிள்ளைகள் ஓடும் வீடுகளுக்கும் ஒன்று உண்டு. ஓய்வு மாதங்களில் எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாமல் போனால் முதலில் மாதவிலக்கு தள்ளிப் போகும், பிறகு நின்றே போகும். "ஓடுறவங்களுக்கு அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பு மெலிகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பு. காலில் மயிரிழை விரிசல் வந்த பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்? சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்குத் தனிப் பெயரே கொடுத்தது, ஆண்களுக்கும் வரும் என்றும் சொன்னது. மூன்று மாதம் மாதவிலக்கு வரவில்லையென்றால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஓய்வில் ஒன்றிரண்டு கிலோ ஏறினால் ஏறட்டும், பயிற்சி தொடங்கியதும் தானே இறங்கும்.

ஓய்வென்றால் எத்தனை நாள்? பயிற்சியை அடியோடு நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் சுமார் 7 சதவீதமும், மூன்று மாதத்தில் 16 சதவீதமும் குறைந்ததாக 1984-ல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. அதனால் இரண்டு வாரம் கட்டையாகக் கிடக்கலாம், பிறகு நீச்சலோ, சைக்கிளோ, மெதுவான ஓட்டமோ வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வீட்டு வீரர் பரிசோதனை செய்தே தீருவேன் என்றால் செய்யட்டும், ஆரோக்கியமானவராக இருக்கிற பட்சத்தில். பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பே முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். முழுக்க நிறுத்துவதைவிட, நிதானமாக ஓடும் நாளில் சர்க்கரை, மைதா, இரவுச் சாதத்தைக் குறைத்து, கடும் பயிற்சி நாளில் வழக்கம்போலச் சாப்பிடுவது புத்திசாலித்தனம். பந்தயத்தில் வழியில் சாப்பிடப் போகிற வாழைப்பழத்தையோ ஜெல்லையோ நீண்ட ஓட்டங்களில் சாப்பிட்டுப் பழகுவதற்கும் இதுவே சமயம். வயிறும் பழக்கினால் பழகும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, அதே மைதானம், அதே விடியற்காலை, அதே இதயத் துடிப்பில் 5 கிலோமீட்டர். எத்தனை நிமிடம் என்று குறிக்கட்டும். நேரம் குறைந்தால் உணவு ஒத்துக்கொள்கிறது. இரண்டு மாதம் தொடர்ந்து கூடினால் அன்றைக்கே பழைய சாப்பாட்டைப் பரிமாறிவிடுங்கள். ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பல சமயம் குற்றவாளி அரிசியாக இருக்காது, இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும்.