முள்ளுக் கத்திரிக்கு ஒரு முத்திரை

சிங்கப்பூரின் காத்தோங் சமையலறைகளில் கத்திரிக்காய்க்குப் பல வேடம். பெரனாக்கான் வீட்டில் நீளக் காயைப் பிளந்து வதக்கிச் சம்பல் பூசுவார்கள். இலங்கைத் தமிழர் வீட்டில் அது பொரித்த குழம்பாகும், பால்கறியாகும். சந்தையிலோ நிறமும் நீளமும் பார்த்து எடுப்பதோடு சரி. எந்த ஊர்க் காய் என்று யாரும் கேட்பதில்லை. வேலூர்ப் பக்கம் கேட்பார்கள்.

அது எந்தக் காய்?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தில் உள்ள இலவம்பாடியின் முள்ளுக் கத்திரி. தண்டு, இலை, காம்பு எங்கும் முள். பறிக்கிறவர் கை பத்திரம்! சதைப்பற்றான காய் என்பதால் முழுசாகக் கீறி மசாலா அடைக்கத் தோது. 2023 பிப்ரவரியில் ‘வேலூர் முள்ளு கத்திரிக்காய்’ என்ற பெயரில் இதற்குப் புவிசார் குறியீடு என்ற முத்திரை கிடைத்தது. உடுப்பியின் மட்டு குள்ளா கத்திரி அதை 2011லேயே பெற்றுவிட்டது.

இந்தியாவுக்கு வெளியே இப்படி உண்டா?

தெற்கு இத்தாலியின் ரொத்தோந்தா ஊரில் தக்காளி போலச் சிவக்கும் கத்திரி ஒன்று விளைகிறது. ஆப்பிரிக்க இனம், நறுக்கினாலும் கறுக்காது, லேசாகக் கசக்கும். கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுக் காப்பார்கள், எண்ணெயில் ஊறவைப்பார்கள். ரொத்தோந்தாவிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் விளைந்ததை மட்டுமே ரொத்தோந்தா பெயரில் விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் முத்திரை கொடுத்தது.

முத்திரை என்ன செய்யும்?

வேற்றூர்க் காயை இந்தப் பெயரில் விற்பதைத் தடுக்கும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் உள்ள பதிவகம் இதை வழங்குகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சிங்கப்பூரின் பதிவகம் 2019 ஏப்ரலில் தொடங்கியது. இங்கே பதிவு வேண்டுமென்றால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எதைச் செய்யாது?

விதையைக் காக்காது. கத்திரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும், தேனீ வழியாகப் பக்கத்து வயல் வீரிய ரகத்தோடு கலப்பதும் உண்டு. நல்ல செடியாகப் பார்த்து, காயைப் பழுக்கவிட்டு, விதை எடுத்து வைக்கும் விவசாயி இருந்தால்தான் ரகம் நிற்கும். அந்த மெனக்கெடலுக்குக் கூடுதல் விலை கிடைக்க வேண்டும். அதைத் தருவது பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்கள்தான்.