ஓரமாகப் போ என்றால், ஓரம் எங்கே?

“ஓரமா போ புள்ள.” பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையிடம் லயத்து வாசலில் தினமும் சொல்லியனுப்பும் வார்த்தை. பசறையிலிருந்து லுணுகலை வழியாக பிபிலைக்கு இறங்கும் ஏ5 வீதியில் அந்த ஓரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.

2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ், 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். சரிந்து கிடந்த பாறை அந்த இடத்தில் வீதியைக் குறுக்கியிருந்தது. வாகனம் ஒதுங்கவே இடமில்லாத வீதியில் நடப்பவர் எங்கே ஒதுங்குவார்?

உலகில் வீதி விபத்துகளால் ஆண்டுக்கு சுமார் 11.9 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார அமைப்பின் 2023 அறிக்கை சொல்கிறது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்து போனவர்கள். மணிக்கு 50 கிலோமீட்டருக்குப் பதில் 65இல் வரும் கார் மோதினால், நடப்பவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்காகிறது. நடைபாதை அமைத்தால், வீதியோரம் நடப்பவர்கள் மீதான மோதல்கள் 65 முதல் 89 சதவீதம் வரை குறையும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கு.

மலை வீதியை அகலமாக்குவது பெருஞ்செலவு. ஆனால் வீதியோரக் கானைக் கொங்கிறீட் பலகையால் மூடினாலே நடக்க இடம் கிடைக்கும். சேறும் அடைப்பும் எடுக்க, பலகைகள் கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை மாகாணத்துடையவை. உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்குரியவை. தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கைவிரித்தன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டபின் அந்தப் பதில் செல்லாது.

கோரிக்கைக் கடிதத்தில் கட்டை எண்ணையும், எந்த வளைவு, எந்தப் பாடசாலை என்பதையும் குறிப்பிடுங்கள், படமும் இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால், அந்தக் கடிதம் என்னவாயிற்று என்று கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.