நேரம் கேட்டவர் வராவிட்டால்...

ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களில் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். டுபாயிலும் சார்ஜாவிலும் வேலை செய்யும் எம்மவர் பலர், வாடகை குறைவு என்பதால் இங்கே குடியிருக்கிறார்கள். இங்கு நாங்கள் நடத்தும் ஒலிப்பதிவுக்கூடம், ஓர் அறையும் ஒரு கண்ணாடித் தடுப்பும் கொண்டது. பக்திப் பாடல்கள், பிள்ளைகளின் நடனத்துக்கான இசை, ஊரில் நடக்கும் கல்யாணத்துக்கு அனுப்பும் வாழ்த்துப் பாட்டு, இவைதான் எமது வேலை.

இத்தொழிலில் எம்மை அதிகம் வருத்துவது இயந்திரக் கோளாறு அல்ல. நேரம் கேட்டு வைத்தவர் வராமல் விடுவதே. கடையில் இன்று விற்காத அரிசி நாளைக்கும் இருக்கும். விற்காத மணிநேரம் அப்படியல்ல, போனால் போனதுதான். ஆனால் அறை வாடகையும், உரிமக் கட்டணமும், ஏசிக்கான மின்கட்டணமும் நிற்பதில்லை. மிருதங்கக்காரர் வந்து காத்திருந்தால் அவருக்கும் கூலி கொடுக்கவேண்டும்.

ஏன் வருவதில்லை?

வராதவர் எல்லோரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். இங்கு பலருடைய நேரம் அவர்கள் கையில் இல்லை. 2022 ஜனவரி முதல் அரச அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள் வேலை. சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் தனியார் கம்பனிகளில் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதில்லை. ரமழான் மாதத்தில் வேலை நேரம் நாளொன்றுக்கு இரண்டு மணி குறைகிறது. அதனால் மற்ற எல்லா நேரங்களும் மாறுகின்றன. யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, வெயிலில் நிற்பவர்களுக்குப் பகல் 12.30 முதல் 3 மணிவரை வேலை நிறுத்தம். அக்காலத்தில் அதிகாலையிலேயே வேலைக்குப் போகிறவரிடம் இரவு பத்து மணிக்குப் பாட வாருங்கள் என்றால் எப்படி வருவார்? டுபாயிலிருந்து சார்ஜா வழியாக மாலையில் வரும் வீதி நெரிசல் வேறு.

ஒருமுறை, தங்கையின் கல்யாணத்துக்குப் பாட்டுப் பதிவுசெய்ய மூன்று மணிநேரம் கேட்ட தம்பி ஒருவர் வரவுமில்லை, தகவல் சொல்லவுமில்லை. இரண்டு நாள் கழித்தே காரணம் தெரிந்தது: கம்பனியில் இரட்டை வேலை. பின்னர் எம்மைக் கடைத்தெருவில் கண்டாலும் வெட்கத்தில் விலகிப் போனார். எமக்குப் போனது மூன்று மணிநேரம் மட்டுமல்ல, ஓர் உறவும்தான். அதன் பிறகே எல்லோருக்கும் ஒரே விதி என்று வகுத்தோம்.

நாங்கள் கைக்கொள்ளும் விதிகள்

1. நேரம் கொடுக்குமுன், "உங்களுக்கு எந்த நாள் லீவு? வேலை எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்கிறோம். பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

2. மூன்றில் ஒரு பங்கு முற்பணம். கட்டணம் 300 திர்ஹம் என்றால் 100. சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற வேறுபாடு இல்லை. ஒருவரிடம் கேட்டு மற்றவரிடம் கேட்காமல் விட்டால்தான் மனத்தாங்கல் வரும். பற்றுச்சீட்டின் பின்புறம் விதியைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறோம்.

3. முதல்நாள் மாலை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. "நாளைக்கு வருகிறீர்கள்தானே? முடியாவிட்டால் இப்போதே சொல்லுங்கள், வேறு நாள் தருகிறோம்." சொன்னவரின் முற்பணம் அடுத்த நாளுக்குச் செல்லும். சொல்லாமல் விட்டவரின் முற்பணமே கழியும். கம்பனி திடீரென மறித்தாலோ, நோய் என்றாலோ, ஒருமுறை அதையும் விட்டுவிடுகிறோம்.

4. குறுகிய நேரத்தில் வரக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். அரைமணி கடந்தும் ஆள் இல்லையென்றால் அவர்களை அழைக்கிறோம். அவர்களும் இல்லையென்றால் பழைய பதிவுகளைத் திருத்தும் வேலை.

சென்னை சொல்லும் பாடம்

சென்னைத் திரையுலகில் 'கால்ஷீட்' என்ற சொல்லுக்குள்ள மதிப்பை எல்லோரும் அறிவோம். முன்னாளில் பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் ஒன்றாகப் பதிவார்கள். ஒருவர் வராவிட்டால் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். பின்னர், இசையைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் பதியும் முறை வந்தது. 1989இல் ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தமது வீட்டு வளவிலேயே 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். இம்முறையில் பாடகர் ஒருவர் தவறினாலும் மற்ற வேலை நகரும். சின்ன அறையில் வேலை செய்யும் எமக்கும் அதே வசதி இன்று கணினியில் இருக்கிறது. ஆகவே இசைத்தடத்தை முன்கூட்டியே முடித்துவிடுகிறோம். குரலுக்கு மட்டும் ஆளை அழைக்கிறோம். மூன்று மணிநேரம் கேட்ட இடத்தில் ஒரு மணிநேரம் போதும். அவர் வராவிட்டாலும் நட்டம் அந்த ஒரு மணிநேரமே.

தொழில் தொடங்குவோருக்கு

புதிய நாட்டில் தையல், மணப்பெண் அலங்காரம், புகைப்படம், சங்கீத வகுப்பு என்று ஏதாவது தொடங்க எண்ணும் குடும்பங்கள் பல. "எங்கட ஆக்களிடம் முற்பணம் கேட்பது எப்படி?" என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. எமக்கும் இருந்தது. முதல்நாளே சொல்லிவிட்ட விதி யாரையும் புண்படுத்துவதில்லை. வராத பின்பு சொல்லும் கோபமான சொல்தான் புண்படுத்துகிறது.

நேரம் கேட்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரமுடியாவிட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை. வரமுடியாது என்ற ஒரு வரி போதும். அந்த மணிநேரத்துக்காக இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது.