கேள்வி முதலில், கலாசாலை பிறகு

இதழியல் கல்வியைக் குறித்து எழுதிவரும் இத்தொடரில், இளங்கலை முதுகலை வகுப்புகளைக் கடந்து ஆராய்ச்சிப் பட்டம் என்னும் படிக்கு வந்திருக்கிறோம். பத்திரிகைத் தொழிலில் பிரவேசிப்பதற்கு இப்பட்டம் அவசியமன்று என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். செய்தி சேகரிக்கவும், அதைச் சுருக்கவும், தலைப்பிடவும் கற்க விரும்புகிறவர், பத்திரிகாலயம் ஒன்றில் சேர்ந்து, அநுபவமுள்ள உதவியாசிரியரிடம் பழகுவதே நேர்வழி. நாள்தோறும் பிறந்து நாள்தோறும் மறைகின்ற செய்தி எவ்வாறு உண்டாகிறது, அதைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறது, அதைப் படிக்கின்ற சமூகம் அதனால் என்ன மாறுதல் அடைகிறது என்பன போன்ற விஷயங்களை, சில ஆண்டுகள் இடைவிடாமல் சிந்திக்கத் துணிந்தவருக்கே முனைவர் பட்டம் ஏற்றது.

1690-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் சர்வகலாசாலையில் தோபியாஸ் பாய்சர் என்பவர் லத்தீன் மொழியில் சமர்ப்பித்த ஆய்வுரையே, பத்திரிகைச் செய்தியைப் பொருளாகக் கொண்ட முதல் ஆராய்ச்சி நூலென்று கருதப்படுகிறது. உலகின் முதல் தினசரி என்று சொல்லப்படும் பத்திரிகை அதே நகரத்தில்தான் 1650-இல் வெளிவரத் தொடங்கியிருந்தது. எந்தச் சம்பவம் செய்தியாகத் தகும், எது தகாது, புதினத்தைக் கேட்பதில் மனிதனுக்கு ஏன் இத்தனை ஆசை, பிறர் சொல்லக் கேட்டு எழுதுகிறவனை எந்த அளவுக்கு நம்பலாம் என்றெல்லாம் விசாரித்த அந்நூல் 29 சிறு பிரிவுகளே கொண்டது. ஆயினும் அதில் எழுப்பப்பட்ட கேள்விகளில் ஒன்றுகூட இன்றைக்கும் பழசாகிவிடவில்லை. தம் ஊர்த் தெருவில் விற்ற காகிதத்தைப் பார்த்து எழுந்த சந்தேகங்களே பாய்சருக்கு ஆராய்ச்சியாக அமைந்தன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

தொழிலிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர்களுள் அமெரிக்கரான ராபர்ட் பார்க்கை நான் மிக்க மதிப்புடன் நினைப்பதுண்டு. மினியாபோலிஸ், டெட்ராயிட், நியூயார்க் முதலிய நகரங்களில் பத்தாண்டுகளுக்கு மேல் நிருபராக அலைந்து, பத்திரிகை நகர வாழ்வை எப்படி உருவாக்குகிறது என்ற கேள்வி உள்ளத்தை விட்டு அகலாமையால் ஜெர்மனிக்குச் சென்று, கூட்டத்தையும் பொதுமக்களையும் வேறுபடுத்திக் காட்டும் ஆய்வுரையை 1904-இல் வெளியிட்டு, பின்னர்ச் சிக்காகோவில் சமூகவியல் பேராசிரியராக விளங்கிய அவர், அமெரிக்காவில் குடியேறிய மக்கள் தத்தம் தாய்மொழிகளில் நடத்திய பத்திரிகைகளைப் பற்றி 1922-இல் எழுதிய நூல் இன்றும் பயிலப்படுகிறது. பட்டம் வேண்டும் என்பதற்காக அவர் விஷயம் தேடவில்லை. விஷயம் அவரைப் பட்டத்துக்கு இட்டுச் சென்றது.

நம் நாட்டில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இடம் கிடைத்த கலாசாலையில் சேர்ந்து, வழிகாட்டி சொன்ன தலைப்பை ஏற்று, சமூக ஊடகங்களால் கல்லூரி மாணவர்களுக்கு விளையும் பாதிப்பு என்பது போன்ற எல்லையற்ற பொருளை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள கல்லூரிகளில் வினாப்பட்டியல் கொடுத்து வாங்கி, விழுக்காடுகளை அட்டவணைகளாக்கி முடிக்கும் நூல்கள் எத்தனையோ! அவற்றை எழுதியவர்களின் உழைப்பில் குறையில்லை. உழைப்புக்கு முன்னால் நிற்க வேண்டிய கேள்வி இல்லாமற் போனதே துன்பம். அதே மாணவர், தம் தாலுகாவின் பகுதிநேர நிருபருக்கு என்ன சன்மானம் கிடைக்கிறது, விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் அவர் தலையில் விழும்போது அவர் எந்தச் செய்தியை எழுதத் தயங்குகிறார், அவர் அனுப்பிய செய்தி மாவட்டப் பக்கத்தோடு நின்றுவிடுவதும் சென்னைப் பதிப்புவரை செல்வதும் யாருடைய தீர்மானம் என்று கேட்டிருந்தால், ஐந்தாண்டுக்கும் போதிய வேலை கிடைத்திருக்கும். தமிழ்நாட்டுக்கும் பயனுள்ள நூலொன்று கிடைத்திருக்கும்.

கேள்வி தெளிவானபின், அதற்கு உகந்த துறை எது என்று பார்க்க வேண்டும். அது இதழியல் துறையாகவே இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. தேசிய இயக்க காலத்து நாடகமும் சினிமாவும் மக்களிடம் கொண்டுசென்ற செய்தியை ஆராய்ந்து 1981-இல் நூல் வெளியிட்ட தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்தவர். எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் அரசியலான விதத்தை 1992-இல் விளக்கிய எம்.எஸ்.எஸ். பாண்டியன் சமூக விஞ்ஞானி. காலனிய காலத் தமிழ்ப் பதிப்புலகை எழுதிய ஆ. இரா. வேங்கடாசலபதி வரலாற்றாசிரியர். இந்திய மொழிப் பத்திரிகைகளின் பெருவளர்ச்சியை 2000-ஆம் ஆண்டு நூலில் விவரித்து, அப்பத்திரிகைகளின் ஆசிரியர் குழுக்களில் தலித் மக்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை என்ற கசப்பான உண்மையையும் எடுத்துரைத்த ராபின் ஜெஃப்ரி அரசியல் துறையைச் சார்ந்தவர். தமிழ் ஊடகத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி இப்படி அயல் துறையினரின் கொடை. ஆகவே பழைய பத்திரிகைகளைப் பற்றிய கேள்வியுடையவர் வரலாற்றுத் துறையின் கதவையும், செய்தியின் நடையைப் பற்றிய கேள்வியுடையவர் தமிழ்த் துறையின் கதவையும் தட்டிப் பார்ப்பது உசிதம். செய்தி அறைக்குள் நடப்பதை அறிய விரும்புகிறவருக்கு இதழியல் துறையே பொருந்தும். அங்கே தொழிலின் நடைமுறையை அறிந்த ஆசிரியர் கிடைக்கக்கூடும்.

அடுத்தது ஆதாரங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுவதும் திரட்டிய பொக்கிஷத்தை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நூலகம் சென்னையில் இருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், சுதேசமொழிப் பத்திரிகைகள் எழுதியவற்றை ஆங்கில அரசாங்கம் வாரந்தோறும் மொழிபெயர்த்துத் தொகுத்த இரகசிய அறிக்கைகள் இருக்கின்றன. மூலப் பிரதி அழிந்துபோன பத்திரிகைகளின் குரலை அவ்வறிக்கைகளில்தான் கேட்க முடிகிறது. ஆனால் அச்சங்கொண்ட அரசாங்கம் பொறுக்கி எடுத்த பகுதிகளே அவை என்பதை ஆராய்ச்சியாளர் ஒரு கணமும் மறக்கலாகாது. நூறாண்டுக்கு முந்தைய பத்திரிகையை இவ்வாறு தேடிப் பிடித்துவிடலாம். முப்பதாண்டுக்கு முன் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்ட செய்தியைத் திரும்பக் காண்பதோ மிக அரிது. ஒலிபரப்பைப் பற்றி ஆராயப் புகுவோர், அதில் வேலை செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களை நாடி, நேரில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்களாகிறார்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி எம்.ஃபில். பட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, சாதாரணமாக ஆறாண்டு எல்லை. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு சலுகை உண்டு. ஓராண்டு டிப்ளோமா, அது எத்துணைப் புகழ்பெற்ற நிறுவனத்தினுடையதாயினும், பொதுவாக முதுகலைப் பட்டமாகக் கொள்ளப்படுவதில்லையாதலால், டிப்ளோமாவோடு தொழிலுக்குப் போன இளைஞர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். 2024 முதல் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே ஆராய்ச்சிக்கும் சேரலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது, அத்தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி பெறுகிறவருக்கு முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகை. குடும்பத்தின் ஆதரவு இல்லாத மாணவருக்கு அத்தொகைதான் ஆராய்ச்சி செய்யும் சுதந்திரத்தையே அளிக்கிறது என்பதால், ஓராண்டு தாமதமானாலும் அதற்கு முயலும்படியே சொல்வேன்.

வழிகாட்டியைத் தேர்வதில் இந்த விதிகளே கொஞ்சம் துணை புரிகின்றன. பேராசிரியர் எட்டு பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் மட்டுமே ஒரே சமயத்தில் ஏற்கலாம். ஓய்வு பெற மூன்றாண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய மாணவரை ஏற்கலாகாது. ஆதலால் விண்ணப்பிக்குமுன், இடம் காலியாக இருக்கிறதா என்று நேரில் சென்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதற்கும் மேலாக, அவரிடம் முன்பு பட்டம் பெற்ற மாணவர்களின் ஆய்வேடுகள் இரண்டையாவது நூலகத்தில் எடுத்து முழுதும் படித்துப் பாருங்கள். மாணவரின் சொந்தச் சிந்தனைக்கு அந்த ஆசிரியர் எவ்வளவு இடம் கொடுப்பவர் என்பதை அவை தெரிவித்துவிடும்.

வேலையில் இருந்துகொண்டே ஆராயலாமா என்று பத்திரிகை நண்பர்கள் கேட்கிறார்கள். நிர்வாகத்தின் ஆட்சேபமின்மைச் சான்றிதழ் பெற்றுப் பகுதிநேரமாகச் சேர விதி இடமளிக்கிறது. அஞ்சல்வழியாக முனைவர் பட்டம் பெற இடமில்லை. இரவுப் பணி பார்ப்பவருக்கு இது கடினமான வாழ்க்கை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் செய்தி அறைக்குள் வெளியார் பல மாதம் காத்திருந்து காண வேண்டியதை அவர் தினமும் காண்கிறார். சகாக்களின் நம்பிக்கைக்குப் பங்கம் வராமல் அதை எவ்வாறு எழுதுவது என்பதே அவருக்குரிய தனிச் சிக்கல். ஆய்வுத் திட்ட வரைவு எழுதும் முறையோடு சேர்த்து, அதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.